விக்கியில் பிழை என்று சொல்வதற்கு முன்னால் என்னவெல்லாம் சரிபார்க்கிறீர்கள்? (வேலூர் மக்கள்தொகை விஷயம்)

பாலாற்றங்கரை
ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலூரில் ஒரு டிடிபி கடையில் மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கட்சி நோட்டீஸ் என எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அதனால் எங்கே எதைப் படித்தாலும் பிழைதான் முதலில் கண்ணில் படும்.

போன வாரம் விக்கிப்பீடியாவில் வேலூர் மாவட்டப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மக்கள்தொகை 16,14,242 என்று போட்டிருந்தது. என் மேசையில் இருந்த பொது அறிவுப் புத்தகத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 39,36,331. பாதிகூட இல்லையே, யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து உடனே அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: "இந்த எண் தவறு. சரியான எண் 39,36,331. யார் மாற்றியது? உடனே திருத்தவும்."

மறுநாள் காலையில் ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: "ஐயா, ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்."

கூட்டினேன். வேலூர் 16,14,242. ராணிப்பேட்டை 12,10,277. திருப்பத்தூர் 11,11,812. மொத்தம் 39,36,331. ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது எனக்குத் தெரியாததா? ராணிப்பேட்டை தனி மாவட்டமான அன்று எங்கள் கடையிலேயே வாழ்த்து சுவரொட்டி அடித்தோம். ஆனால் புத்தகத்தைப் பார்த்த அந்த நிமிஷம் அது நினைவுக்கு வரவில்லை. கணக்கெடுப்பு அதே 2011தான், எல்லைதான் மாறியிருக்கிறது. புத்தகம் பிரிப்பதற்கு முன் அச்சானது, பக்கம் பிரித்த பிறகு எழுதப்பட்டது. இரண்டும் சரி. தவறு என்று சொன்ன நான்தான் தவறு.

எண் விஷயத்தைவிட, "யார் மாற்றியது" என்று கேட்டேனே, அதுதான் மனதை அறுக்கிறது. யாரோ ஒருவர் பொறுமையாக மூன்று மாவட்டத்துக்கும் எண்ணைப் பிரித்துப் போட்டிருக்கிறார். அவரைப் போய் விஷமி என்று நினைத்துவிட்டேன். பேச்சுப் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

கடையில் நான் இப்படிச் செய்யமாட்டேன். கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, வரிக்குக் கீழே அடிக்கோலை நகர்த்தி நகர்த்தித்தான் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அடிக்கமாட்டேன், ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வாடிக்கையாளரைக் கேட்பேன். அந்தப் பழக்கம் இணையத்துக்கு வந்ததும் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. இங்கே பல வருஷம் தொகுத்தவர்கள் இருக்கிறீர்கள். பிழை என்று எழுதுவதற்கு முன் நீங்கள் என்ன பார்ப்பீர்கள்?


கோட்டைவாசல்
ஞாயிறு, இரவு 10:02

ஐயா, நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியதே பெரிய விஷயம். நிறையப் பேர் பதிலைப் பார்க்கக்கூடத் திரும்பி வருவதில்லை.

நான் முதலில் பார்ப்பது, கட்டுரையில் செய்த மாற்றங்களையெல்லாம் காட்டும் வரலாற்றுப் பக்கம்தான். அந்த வரி எப்போது வந்தது, யார் சேர்த்தார், சேர்த்தபோது மாற்றத்துக்கான குறிப்பில் என்ன எழுதினார் என்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். உங்கள் விஷயத்திலும் "மாவட்டப் பிரிப்புக்குப் பின்" என்று யாராவது குறித்திருப்பார்கள். விஷமத் தொகுப்பாக இருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். பல சமயம் நீங்கள் பார்ப்பதற்குள் வேறொருவர் அதை மீளமைத்திருப்பார், உங்கள் பிரௌசர் மட்டும் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு முறை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால் போதும்.

அடுத்தது மேற்கோள், அதாவது அந்த வரிக்கு ஆதாரமாகக் காட்டியிருக்கும் நூலோ இணைப்போ. அதைத் திறந்து படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதும் மேற்கோளில் இருப்பதும் ஒன்றாக இருந்து, உங்கள் புத்தகம் மட்டும் வேறு சொன்னால், அது இரண்டு நூல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. அதை அப்படித்தான் எழுத வேண்டும், தட்டச்சுப் பிழை என்று எழுதக் கூடாது.

அப்புறம் அலகு. வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு முறை ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தாரே, அந்தத் தூரம் 16 என்று இருந்தது. "நான் தினம் ஆற்காட்டுக்கு வண்டியில் போகிறவன், 25 கிலோமீட்டருக்குக் குறையாது, இது அப்பட்டமான பொய்" என்று எழுதினார். வரியில் இருந்தது 16 மைல். 16ஐ 1.6ஆல் பெருக்கினால் அவர் தினம் போகிற தூரம்தான் வரும். மனிதர் எண்ணைப் பார்த்தார், பக்கத்துச் சொல்லைப் பார்க்கவில்லை. கோட்டையின் பரப்பு 133 ஏக்கரா 54 ஹெக்டேரா என்பதும் இதே மாதிரி வந்த கேள்விதான். இரண்டும் ஒரே பரப்பு.


வாலாஜா ரயில்
திங்கள், காலை 6:48

காலை வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை பற்றி எங்கே எழுதினாலும் இந்தப் புகார் வரும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு ரயில் ஓடியது என்று ஒருவர் எழுதுவார். உடனே இன்னொருவர், "ஆற்காட்டில் ஏது ரயில் நிலையம்? அது வாலாஜா ரோடு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் ஒரே நிலையம்தான். இன்றைக்கு வாலாஜா ரோடு என்கிற நிலையத்துக்கு அன்றைய பெயர் ஆற்காடு. ஆற்காடு ஊர் பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது, நிலையம் ஆற்றுக்கு வடக்கே. பழைய பெயரைப் பிழை என்று அழித்துவிட்டால், பழைய ஆவணத்தைப் படிக்கிறவனுக்கு அந்த நிலையம் எது என்றே தெரியாமல் போய்விடும். "அப்போது ஆற்காடு, இப்போது வாலாஜா ரோடு" என்று இரண்டையும் வைப்பதுதான் சரி.

இதே ஊருக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. வாலாஜாபேட்டை வேறு, வாலாஜாபாத் வேறு. முன்னது எங்கள் பக்கம், பின்னது காஞ்சிபுரம் பக்கம். செய்தித்தாளில் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதன் பக்கத்தில் பிழை என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.


பாலாற்றங்கரை
திங்கள், காலை 8:15

வாலாஜா ரயில் சார், வாலாஜாபாத் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை ஊர் வாலாஜாபாத் என்று இருந்ததை நானே வாலாஜாபேட்டை என்று மாற்றினேன். வருகிறவர்கள் எல்லாம் வாலாஜாபேட்டைக்காரர்கள், இவரும் அப்படித்தான் இருப்பார் என்று எண்ணம். இரண்டாம் மெய்ப்பில் பெண்ணின் அப்பா பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன். ஐந்நூறு பத்திரிகை அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!


முள்ளுக்கத்தரி
திங்கள், பகல் 1:30

எல்லாரும் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் அணைக்கட்டுப் பக்கம். கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கு விக்கியில் சித்தேரி என்று பெயர் போட்டு ஒரு படமும் வைத்திருக்கிறார்கள். படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது எந்த ஏரி? நம்ம சித்தேரி இல்லை" என்றார். அம்மா அங்கன்வாடியில் வேலை செய்கிறார், அந்த ஊரிலேயே பிறந்தவர். அவரிடம் மேற்கோள் கேட்டால் எங்கே போவார்? வரலாற்றுப் பக்கத்தைப் பார், அலகைப் பார், மேற்கோளைத் திற என்று இத்தனை வேலை சொன்னால், எங்களைப் போன்றவர்கள் வாயே திறக்கமாட்டோம். தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லட்டும், சரிபார்ப்பதைப் பழகியவர்கள் செய்யட்டும். கூட்டாக எழுதும் இடம் என்றால் அதுதானே அர்த்தம்?


ஆம்பூர் மண்டித்தெரு
திங்கள், பகல் 2:05

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாக வருகிறவரைப் பயமுறுத்தக் கூடாது.


கோட்டைவாசல்
திங்கள், இரவு 9:40

தங்கச்சி, உங்கள் அம்மா சொல்வதற்குப் பேச்சுப் பக்கத்தில் கண்டிப்பாக இடம் உண்டு. மேற்கோள் இல்லாமலே எழுதலாம். எப்படித் தெரியும் என்பதை மட்டும் சேர்த்து எழுதுங்கள். "நான் இந்த ஊர், தினம் இந்த ஏரிக்கரையில் நடக்கிறேன்" என்பது எங்களுக்கு மிகவும் உதவும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து தொகுக்கிறவருக்கு அது கிடைக்காது.

ஆனால் "பழகியவர்கள் சரிபார்க்கட்டும்" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. "சித்தூர் ஆந்திராவில் இருக்கிறது, இதுகூடத் தெரியாதா" என்று ஒருவர் பிழை அறிவித்துவிட்டுப் போய்விட்டார். வேலை முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு அதைப் பார்த்தேன். நமக்கும் சந்தேகம் வந்துவிடும் இல்லையா? மாவட்ட விவரங்களை அரசு தொகுத்து வெளியிட்ட பழைய கெசட்டியரைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாகப் படித்து, 1911 வரைக்கும் சித்தூர்தான் தலைமையிடம், சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூருக்கு வந்தது என்று உறுதி செய்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த வரியிலேயே "1911 வரை" என்று இருந்தது. புகார் செய்தவர் வரியை முழுதாகப் படித்திருந்தால் என் ராத்திரி மிஞ்சியிருக்கும். அன்றைக்கு நிஜமாகவே பிழை இருந்த வேறு இரண்டு பக்கங்களைப் பார்க்க எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

நான் கேட்பது மேற்கோள் இல்லை. அந்த வரியை இன்னொரு முறை, மெதுவாக, கடைசிச் சொல் வரை படியுங்கள் என்பதுதான்.


காட்பாடி மேம்பாலம்
செவ்வாய், காலை 7:20

விக்கியில் நான் அதிகம் இல்லை. யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம்ம பக்கத்துத் தெருக்களை வரைகிறேன். அங்கேயும் யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் குறிப்புப் போடலாம், "இங்கே தவறு" என்று.

போன மழைக்காலத்தில் ஒரு குறிப்பு வந்தது. "இந்தத் தெரு முட்டுச்சந்து, வரைபடத்தில் மெயின் ரோடு வரை போகிறது." நான் இருப்பது அங்கேயிருந்து எட்டு கிலோமீட்டர். சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். தெரு முட்டுச்சந்துதான், கோடியில் ஒரு மதில், மதிலை ஒட்டி மாட்டுக் கொட்டகை. சரி, திருத்திவிடலாம் என்று அங்கேயே நின்று போனில் வரைபடத்தைத் திறந்தால், அதில் தெரு மதிலோடு நின்றிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னாலேயே யாரோ திருத்திவிட்டார்கள். குறிப்புப் போட்டவர் பார்த்தது இணையம் இல்லாமல் ஓடும் ஓர் ஆப். அதில் இருந்தது அவர் எப்போதோ இறக்கி வைத்த பழைய வரைபடம்.

அவர் மேல் கோபம் வரவில்லை, நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஆப்பில் பார்ப்பவர்கள் தயவுசெய்து ஒரு முறை அசல் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் குறிப்புப் போடுங்கள். விக்கிக்கும் இது பொருந்தும். அதிலிருந்து நகலெடுத்து வைத்திருக்கும் தளங்கள் எத்தனையோ. அங்கே ஒன்றைப் படித்துவிட்டு இங்கே வந்து பிழை என்றால், இங்கே அந்த வரியே இருக்காது.


ஆம்பூர் மண்டித்தெரு
செவ்வாய், காலை 10:11

இடையில் ஒரு சந்தேகம். காவலூர் வானாய்வகம் வேலூர் மாவட்டம் என்று பல பக்கங்களில் இருக்கிறது. இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம். இதையாவது பிழை என்று சொல்லலாமா?


கோட்டைவாசல்
செவ்வாய், பகல் 12:50

வாக்கியத்தைப் பொறுத்தது. "காவலூர் வேலூர் மாவட்டத்தில் உள்ளது" என்று நிகழ்காலத்தில் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், நீங்களே மாற்றிவிடவும் செய்யலாம். ஆனால் 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்ததைச் சொல்லும் வரியாக இருந்தால், அன்றைக்கு அது வேலூரும் இல்லை, திருப்பத்தூரும் இல்லை, வட ஆற்காடு. 1989இல்தான் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்றும் மற்றதற்குத் திருவண்ணாமலை சம்புவராயர் என்றும் பெயர் வைத்தார்கள். வேலூர் மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பின்னால்.

திருப்பத்தூர் என்று இணைப்புக் கொடுக்கும்போது ஒரு கவனம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது, தமிழில் எழுத்துகூட மாறாது. சொடுக்கிப் பார்த்து, நம்ம திருப்பத்தூருக்குத்தான் போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.


பாலாற்றங்கரை
செவ்வாய், இரவு 9:25

முள்ளுக்கத்தரி சொன்னது இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பொண்ணு சொல்வதும் சரி, கோட்டைவாசல் சொல்வதும் சரி என்று படுகிறது. நான் எழுதியது "இந்த எண் தவறு" என்று. "என் புத்தகத்தில் வேறு எண் இருக்கிறதே, ஏன்?" என்று எழுதியிருந்தால் மூன்று மாவட்டக் கூட்டல் பதிலாக வந்திருக்கும், யாரையும் புண்படுத்தியிருக்கவும் மாட்டேன். கடையில் ஓரத்தில் போடும் கேள்விக்குறி இதுதானே. சரிபார்க்க நேரமோ வசதியோ இல்லாதவர்கள் கேள்வியாகக் கேட்கட்டும். தவறு என்று அடித்துச் சொல்கிறவர்கள் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். முள்ளுக்கத்தரி, உங்கள் ஏரி விஷயம் என்ன ஆயிற்று?


முள்ளுக்கத்தரி
வியாழன், மாலை 6:55

கோட்டைவாசல் அண்ணா, உங்கள் ராத்திரிக் கதையைப் படித்த பிறகு கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. நேற்று லீவு. அம்மாவை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கே போய்விட்டேன்.

நான் முதலில் எழுத நினைத்தது "பெயர் தவறு, இது சித்தேரி இல்லை" என்று. நல்லவேளை எழுதவில்லை. கரையில் நின்று போனில் பக்கத்தைத் திறந்து முதலிலிருந்து படித்தேன். ஊர் பெயர் சரி. எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் ரோடு என்று எழுதியிருந்ததும் சரி. மதகு இரண்டு என்று இருந்தது, அம்மாவும் நானும் நடந்து போய் எண்ணினோம், இரண்டுதான். எழுத்தில் ஒரு குறையும் இல்லை, அது எங்கள் சித்தேரியேதான்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கரை மேல வரிசையா பனை மரம் இருக்கு பாரு. நம்ம கரையில பனை ஏது? எல்லாம் வேலமரம். இது பக்கத்து ஊர் பெரியேரி" என்றார். திரும்பும்போது அங்கேயும் போனோம். கலங்கல் பக்கம் நின்றால் படத்தில் இருக்கிற அதே பனை வரிசை, பின்னால் அதே பாறை. அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்தேன். எங்கள் சித்தேரியையும் இரண்டு படம் எடுத்தேன்.

பெயர் சரி, படம்தான் வேறு ஏரியுடையது. பேச்சுப் பக்கத்தில் இப்படிப் போடலாமா, பார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம். நான் இந்த ஊரைச் சேர்ந்தவள். கட்டுரையில் உள்ள விவரங்களை ஏரிக்கரையில் நேரில் பார்த்தேன், சரியாக உள்ளன. ஆனால் படத்தில் இருப்பது பக்கத்து ஊர் பெரியேரி என்று நினைக்கிறோம். படத்தில் உள்ள பனை வரிசையும் பாறையும் அங்கே உள்ளன, சித்தேரிக் கரையில் பனை மரம் இல்லை. இரண்டு ஏரிகளிலும் நேற்று எடுத்த படங்களைத் தர முடியும். படத்தை மாற்றலாமா?"


கோட்டைவாசல்
வியாழன், இரவு 8:30

ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். அப்படியே போடுங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும்: படத்தைச் சொடுக்கினால் படத்துக்கென்று தனிப் பக்கம் திறக்கும். ஏற்றியவர் அங்கே எடுத்த இடத்தைக் குறித்திருக்கிறாரா பார்த்தீர்களா?


முள்ளுக்கத்தரி
வியாழன், இரவு 8:41

பார்த்துவிட்டேன் அண்ணா. ஏற்றிய தேதி மட்டும் இருக்கிறது, இடம் இல்லை. படம் வந்த அன்று வரலாற்றுப் பக்கத்தில் "ஏரிப் படம் சேர்ப்பு" என்று மட்டும் இருக்கிறது. ஏற்றியவர் போன மாதம்கூடத் தொகுத்திருக்கிறார், அதனால் அவர் பெயரையும் குறிப்பில் சேர்த்து அழைத்திருக்கிறேன். இப்போதுதான் முன்தோற்றம் பார்த்துச் சேமித்தேன்.


பாலாற்றங்கரை
வியாழன், இரவு 9:05

நானும் போய்ப் படித்தேன் அம்மா. பனை வரிசைப் படத்தை இன்றே ஏற்றிவிடுங்கள், பெரியேரிக்கு இன்னும் பக்கமே இல்லை. நீங்கள் எழுத ஆரம்பித்தால் மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன்.